நாலு நாற்பத்திரண்டு வண்டி

எங்கள் குப்பை வண்டிச் செயலியை ரஸ்ட் என்ற நிரல் மொழியில் மாற்றி எழுத வேண்டும் என்று மூன்று மாதமாக எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரான தைவானின் தைனானில் குப்பையை வாசலில் வைத்துவிட்டுப் போக முடியாது. பாட்டுப் போட்டபடி வண்டி வரும்போது பையோடு போய் நிற்க வேண்டும். எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று சொல்வதுதான் எங்கள் செயலி. சம்பளம் கிடையாது, வார இறுதியில் கூடும் ஆறு பேர்தான் எல்லாம்.

பழைய நிரல் பைத்தானில் இருந்தது. ஆமை வேகம். பேச்சு எடுபடாததால், யாரிடமும் சொல்லாமல் முழுவதையும் நானே ரஸ்டில் எழுதி முடித்துவிட்டேன். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய சனிக்கிழமை, எங்கள் ஆறு பேரில் ஒருவரான ஷியூ-ஜுவான் அக்காவின் டம்ப்ளிங் கடை மாடியில் கூட்டம். எந்த மொழி என்று அன்றைக்கு முடிவு. தோற்றால் என் மூன்று மாதமும் வீண்.

கண் சிமிட்டுவதற்குள் பதில் வருவதை எல்லோருக்கும் காட்டினேன். கைதட்டினார்கள். அக்காவின் முகம் மட்டும் வாடிவிட்டது. அவருக்குத் தெரிந்த ஒரே மொழி பைத்தான். அதையும் கடை மூடியிருக்கும் மதியங்களில் தானாகவே படித்தவர்.

"எனக்கு இது சுத்தமா புரியலப்பா. இனிமே உங்களுக்கு டீ போட்டுக் குடுக்கத்தான் நான்," என்றார் சிரித்தபடி. வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன்.

கூட்டத்தை நடத்திய யோ-ஜென், கீழே கடைக் குப்பை சேர்ந்து கிடக்கிறது, உன் செயலி எத்தனை மணி சொல்கிறது என்று கேட்டான். நாலு இருபது என்றேன். இரண்டு பைகளையும் நானே தூக்கிக்கொண்டு பெருமையாக இறங்கினேன்.

நாலு இருபதுக்கு வண்டி வரவில்லை. தெருவில் வேறு ஒருவரும் பையோடு நிற்கவில்லை என்பதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாலரை ஆனது. பையிலிருந்து சோயா சாஸ் என் ஷூவில் சொட்டியது.

"என்ன ஆ-ஹோங், ரொம்ப வேகமா வந்துட்டியா?" என்றான் யோ-ஜென், ஜன்னலிலிருந்து.

நாலு நாற்பதுக்குத் தெருவே பைகளோடு வெளியே வந்தது. அக்காவும் வந்தார். இரண்டு நிமிடத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது.

"புத்தாண்டு வாரத்துல நேரத்த மாத்துவாங்கல்ல. செவ்வாக்கிழமை நோட்டீஸ் ஒட்டுனாங்க, அன்னைக்கே பழசுல திருத்திட்டேன்," என்றார் அக்கா.

தெருவுக்குத் தெரு மாறும் அந்த விதிகளை நிரலுக்குள்தான் எழுத வேண்டும். நான் நவம்பரில் பார்த்து எழுதியதோடு சரி. மாடிக்குப் போய்ப் பழைய நிரலில் யார் எதைத் திருத்தினார்கள் என்ற பதிவைப் புரட்டினேன். நாலு வருடப் புத்தாண்டுகளிலும், புயல் நாட்களிலும் அக்கா பெயர்தான். என் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. அதில் ஒன்று பொத்தானின் நிறத்தை மாற்றியது.

"பைத்தானே இருக்கட்டும்," என்று நானே சொன்னேன். வலித்தது. முதல் தட்டு டம்ப்ளிங் தீரும்வரை வலித்தது.

இரண்டாவது தட்டோடு உட்கார்ந்து, பழைய நிரல் எங்கே இழுக்கிறது என்று தேடினேன். ஒவ்வொருவர் கேட்கும்போதும் ஊர் முழுவதற்குமான பட்டியலையும் அது முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யப் பதினொரு வரி போதுமானதாக இருந்தது. என் மூன்று மாதத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு திரையருகே குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இது புரியுதுப்பா," என்றார்.

அன்று கைதட்டலைவிட அதுதான் எனக்கு நிறைவாக இருந்தது.