பன்னிரண்டு எலும்பும் ஒரு காலி நாற்காலியும்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. நேற்று சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்று மூன்றாம் மாடி ஷாயிர்குல் சொன்னது. பைக்குள் வெந்த ஆட்டுத் தொடை எலும்பு ஒன்று, முழு இறைச்சியோடு இருந்தது.

"அண்ணே, நீங்க கதை எழுதுற ஆளுதானே? இதை எழுதுங்க. ஆனா ஒரு நிபந்தனை. நான் அழுதேன்னு எழுதக் கூடாது."

"அழுதியா என்ன?"

"இல்லே. ஆனா நீங்க எழுதிருவீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

பத்தொன்பது வருஷமாக பிஷ்கெக்கில் இந்திய மருத்துவ மாணவர்களின் விடுதியில் சமைக்கிறேன். கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. இன்று ஞாயிற்றுக்கிழமை.

2

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன்.

"பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஷாயிர்குல் மேலாளரின் கதவைத் தட்டக் கையை"

(வேண்டாம். இது மே மாதம். பிஷ்கெக் என்றதும் பனியைக் கொட்டித்தான் ஆக வேண்டுமா?)

"நாற்பத்து மூன்று வயதானவளும், இரண்டு பெண்களுக்குத் தாயும், எப்போதும் அடக்கமாகப் பேசுபவளுமான"

(அடக்கமாவது ஒன்றாவது! போன வருஷம் மின்தூக்கி பழுதானபோது கட்டட நிர்வாகியை எட்டு மாடி ஏறவைத்தவள் இவள்.)

மூன்றாவது முறை, அழகை ஓரமாக வைத்துவிட்டு விவரத்தை எழுதினேன். அது இது:

ஷாயிர்குல் ஊருக்கு வெளியே ஒரு பால் ஆலையில் பதினான்கு வருஷமாகப் பரிசோதகர். வருகிற லாரிப் பாலில் புளிப்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா, புளிப்பை மறைக்க சோடா போட்டிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆய்வகத் தலைவி இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகனோடு ரஷ்யாவுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வேலை மொத்தமும் ஷாயிர்குல் தலையில். கையெழுத்து அவளுடையது, திட்டும் அவளுக்குத்தான். பதவியும் சம்பளமும் மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் துணை மேலாளர் குபாத், "பார்க்கலாம்மா, இப்ப நேரம் சரியில்லே" என்பார்.

இந்த வசந்தத்தில் ஆலை கைமாறியது. ஆட்குறைப்பு உண்டு, பட்டியல் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாசற்பலகையில் ஒட்டப்படும் என்று அறிவித்தார்கள். இருக்கிற வேலை நிலைக்குமா என்று ஆலை முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்த அந்த வாரத்தில்தான், இந்த மகராசிக்குப் பதவி உயர்வு கேட்கத் தோன்றியது.

3

கணவன் ஜோல்தோஷைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆளைப் பற்றி அல்ல, நான் எழுதியதைப் பற்றி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசாமி, சாது. ஆனால் என் முதல் வரைவில் மேசையைக் குத்தி, "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்தினான். கதையில் ஒருவராவது கத்தினால் எனக்குத் தெம்பாக இருக்கும். தொலைபேசியில் அதை ஷாயிர்குலுக்குப் படித்துக் காட்டினேன்.

"அட, எங்க வீட்டுக்காரரு எப்பண்ணே கத்தினாரு? மாணவன் காரைக் கொண்டுபோய்க் கம்பத்துல மோதினப்பவே கத்தலே!"

ஆக, உண்மையில் நடந்த பேச்சு இவ்வளவுதான்:

"இப்பப் போய் உயர்வு கேட்டா முதல்ல உன் பேரைத்தான் பட்டியல்ல போடுவாங்க."

"கேக்கலேன்னாலும் போடலாம்."

ஜோல்தோஷ் எழுந்தான்.

"சரி. அப்பக் கேட்டுட்டே போ."

பிறகு அவளுடைய நல்ல காலணியை எடுத்து வைத்துத் துடைக்க ஆரம்பித்தான். இவனைக் கத்தவைத்ததற்காக வெட்கப்படுகிறேன்.

4

இனி எலும்பு.

ஆடு ஒன்று, பெரிய எலும்பு பன்னிரண்டு. விருந்தில் யாருக்கு எந்த எலும்பு என்பது இங்கே விளையாட்டு விஷயம் இல்லை. இடுப்பெலும்பு முதல் மரியாதை, தொடை அதற்கடுத்தது, அப்படியே கீழே இறங்கும்.* தட்டில் வந்ததை அங்கேயே தின்று முடிக்க வேண்டியதில்லை, பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகலாம். எடுத்துப்போனதைப் பார்த்து வீட்டில் இருப்பவர்களுக்கு உங்கள் நிலைமை தெரிந்துவிடும்.

(*எந்த எலும்புக்கு அடுத்து எந்த எலும்பு என்று இரண்டு ஊர்க்காரர்கள் என் சமையலறையில் ஒருமுறை சண்டை போட்டார்கள். குழம்பு தீய்ந்துபோனது. நான் ஷாயிர்குல் சொன்ன வரிசையை எழுதுகிறேன்.)

ஆலை விருந்துகளில் பங்கு வைப்பது ஷாயிர்குல்தான். மற்ற இடங்களில் ஆண்கள் வைப்பார்கள். இங்கே யாருக்கு என்ன வயசு, யார் யாருக்குச் சம்பந்தி என்பதெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி. பெரிய மேசையில் பன்னிரண்டு நாற்காலி. ஒன்று ஆய்வகத் தலைவருடையது. இரண்டு வருஷமாக அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் ஒரு தொடை எலும்பை அவளே கொண்டுபோய் வைப்பாள். கடைசியில் குபாத் அதைத் தன் பையில் போட்டுக்கொள்வார். "வீணாப் போகக் கூடாதில்லே?" என்பார். அவள் விலா எலும்போடு வீட்டுக்குப் போவாள்.

நேற்று மத்தியானம், புது மேலாளர் எமில் எல்லோரையும் பார்த்துப் பழக ஒரு விருந்து கொடுத்தார். முப்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. தட்டுகள் போகும் முன்பே ஷாயிர்குல் தொடை எலும்பைத் தலைவர் நாற்காலிக்கு முன் வைத்தாள். வழக்கம்தானே என்று யாரும் கவனிக்கவில்லை. மற்ற தட்டுகளை வைத்து முடித்தாள். முன்கட்டுத் துணியைக் கழற்றினாள். போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேசையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு மேலாளர் தட்டைப் பார்த்தார்கள்.

அடுத்த நொடியில்தான் அவளுக்கே விஷயம் உறைத்தது. தன் எலும்பை எடுத்துவைக்கும் படபடப்பில், கை பழக்கத்துக்கு வீட்டு விருந்து போல வயசு வரிசையில் பங்கு வைத்துக்கொண்டே போயிருக்கிறது. மேலாளரோடு வந்து, கூடுதல் நாற்காலி போட்டு உட்கார்ந்த புது முதலாளியின் கணக்காளர் அம்மாளை எண்ணிக்கையில் சேர்க்காமலே அவருக்கும் ஓர் எலும்பு வைத்துவிட்டாள். பன்னிரண்டு எலும்பு, பதின்மூன்று பேர். மேசையிலேயே இளையவர் எமில். அவருக்கு எலும்பு வரவில்லை. அவர் தட்டில் இருந்தது நெஞ்சுக்கறி.

நெஞ்சுக்கறி மாப்பிள்ளைக்கு வைப்பது.

"வாங்க மாப்பிள்ளே!" என்று பொட்டலப் பிரிவு ஆட்களின் மேசையிலிருந்து ஒரு குரல் கிளம்ப, மண்டபமே குலுங்கிச் சிரித்தது. எமில் காது சிவக்கத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குபாத் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "உன் தட்டுல இருக்கிறதைத் தூக்கி அவருக்கு வை. சீக்கிரம்!"

5

இந்த இடத்தில் நான் எழுதிய பத்தியை அப்படியே தருகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நடுங்கும் கைகளால் ஷாயிர்குல் எலும்பை எடுத்து மேலாளரின் தட்டில் வைத்தாள். அவளுடைய பணிவு அவர் நெஞ்சைத் தொட்டது. திங்கட்கிழமை அவளைத் தனியே அழைத்து"

இதையும் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். உடனே சொன்னாள்: "அந்த எலும்பை நான் குடுத்தேன்னு எழுதினீங்கன்னா, உங்க விடுதிக்கு இனிமே எங்க ஆலைத் தயிர் வராது."

ஏன் அப்படி எழுதினேன்? பத்தொன்பது வருஷத்தில் நான் ஒருமுறைகூடச் சம்பள உயர்வு கேட்டதில்லை. நாற்பது பேருக்குச் சமைக்க வந்தவன் இன்று நூற்றுப்பத்துப் பேருக்குச் சமைக்கிறேன். யாராவது பார்த்துக் கொடுப்பார்கள் என்று அடுப்புக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். கோழைத்தனத்துக்குப் பணிவு என்று பெயர் வைத்துப் பழகிய கை, கதையிலும் அதையே எழுதுகிறது. மேலே உள்ள பத்தியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

6

நடந்தது இது.

ஷாயிர்குல் தட்டோடு எழுந்தாள். கொடுக்கப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எமிலுக்கு எதிரே போய் நின்றாள், தட்டைக் கீழே வைக்கவில்லை.

"எமில் அசானோவிச், தப்பு என்னோடது. கை வயசைப் பாத்துப் பங்கு வச்சிருச்சு, உங்க பதவியை மறந்துட்டேன். கூட வந்த விருந்தாளியையும் எண்ணாம விட்டுட்டேன். அடுத்த விருந்துல இடுப்பெலும்பை நானே கொண்டாந்து வைக்கிறேன். ஆனா இதைக் கேக்காதீங்க. இது ஆய்வகத் தலைவரோட பங்கு. ரெண்டு வருஷமா அந்த வேலையை நான்தான் பாக்குறேன்."

எமில் குழம்பிப்போனார். "நீங்கதானேக்கா தலைவர்? எல்லாக் காகிதத்துலயும் உங்க கையெழுத்துதானே இருக்கு?"

"கையெழுத்து என்னோடது. சம்பளம் பரிசோதகர் சம்பளம்."

குபாத் தொண்டையைச் செருமினார். "அது வந்து... தற்காலிக ஏற்பாடு."

"ரெண்டு வருஷமாவா தற்காலிகம்?" என்றார் எமில். குபாத் ரொட்டியைப் பிய்க்கத் தொடங்கினார்.

"மார்ச்சுல சோடா கலந்த லாரியைத் திருப்பி அனுப்பினது யாரு?" என்று கேட்டார் எமில்.

"நான்தான். குபாத் அண்ணன் விட்டுடச் சொன்னாரு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன்."

அதுவரை வாயே திறக்காத கணக்காளர் அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "உங்களுக்கு என்ன வேணும்? இங்கேயே சொல்லுங்க."

"பதவி. அதுக்குண்டான சம்பளம், நாப்பத்தஞ்சாயிரம் சோம். ஆய்வகத்துல என்கூட ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க, அவங்க பேரும் பட்டியல்ல வரக் கூடாது. மூணு பேர் இல்லாம அந்த வேலை ஓடாது."

(நான் இவ்வளவு துணிச்சலான வசனத்தை ஜென்மத்துக்கும் எழுதியிருக்க மாட்டேன். இது அவள் சொன்னது, வார்த்தை மாறாமல்.)

"திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பதில் சொல்றோம்," என்றார் எமில்.

"பட்டியல்லயா, கடிதத்துலயா?"

"ரெண்டுல ஒண்ணுல."

பிறகு நெஞ்சுக்கறியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ளைப் பங்கு நல்லாத்தான் இருக்கு," என்றார். இந்தத் தடவை மண்டபம் சிரித்தபோது அவரும் சிரித்தார். ஷாயிர்குல் திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எலும்பை மட்டும் தொடாமல் பையில் போட்டுக்கொண்டாள்.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ. கடிதம் வருகிறது. காலி நாற்காலிக்குப் பெயர்ப்பலகை. குபாத் விலா எலும்போடு வீட்டுக்குப் போகிறார்.

ஆ. பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. ஆய்வகப் பெண்கள் இரண்டு பேரும் கூடவே வெளியே வருகிறார்கள். அன்று மாலைக்குள் வேறொரு ஆலை...

இ. எலும்பு குளிர்பெட்டியில் காத்திருக்கிறது. திங்கட்கிழமை பதிலோடு அவள் வீடு திரும்பி, மேசையில் ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் எலும்பு என்று வைத்து...

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சற்று முன் மாடியேறிப் போய், நாளை வரைக்கும் எலும்பைத் தொட வேண்டாம் என்று சொல்லலாமென்று கதவைத் தட்டினேன். ஜோல்தோஷ் வாயைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தான். மேசையில் நாலு தட்டு, நடுவில் அந்தத் தொடை எலும்பு, வழவழவென்று, ஒரு நார்கூட மிச்சமில்லாமல்.

"அடிப்பாவி, தின்னுட்டியா? நாளைக்கு முடிவுக்கு வேணும்னு நினைச்சேனே!"

"உங்க கதைக்காக எங்க வீட்டுக் கறி கெட்டுப்போகணுமா?" என்றாள் ஷாயிர்குல். சின்ன மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பயமா இல்லையா, நாளைக்கு?"

"இருக்கு. அதையும் எழுதிக்கோங்க. ஆனா பாருங்க, கடிதம் குடுத்தாங்கன்னா நாளன்னிக்கே திருப்பி வாங்கலாம். பட்டியல்ல பேரை எழுதலாம், அடிக்கலாம். இது என் பங்குன்னு சொல்லிக் கொண்டாந்த எலும்பை நாலு பேரும் உக்காந்து தின்னுட்டோம்ணே. இதை எங்கேருந்து திருப்பி வாங்குவாங்க?"

ஒரு கிண்ணம் சூப் கொடுத்தாள், நின்றபடியே குடித்தேன். நல்ல சூப்.

ஆகவே வாசகரே, நாளைக் காலை எட்டு மணியை உங்களிடம் ஒப்படைக்கிறேன். பலகைக்கு முன்னால் கூட்டமாக இருக்கும், கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். மூன்று பெயர்களைத் தேடிப் பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அழ மாட்டாள். நான் உங்களோடு வர முடியாது. எட்டு மணிக்கு விடுதி நிர்வாகி தன் அறைக்கு வந்துவிடுவார், அவரிடம் எனக்கு நூற்றுப்பத்துப் பேரைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. மேலே பாதியில் நிறுத்திய அந்தக் கதவு தட்டும் வாக்கியத்தை, பனியை மட்டும் எடுத்துவிட்டு, நான் கொண்டுபோகிறேன்.