நான்காவது ஆட்டக்காரரின் நாற்காலி

காலையில் மூன்றாவது ஓவரிலேயே முதல் விக்கெட் விழுந்துவிட, அடுத்து இறங்க வேண்டியவர் என்ற முறையில் ஆணி கால்காப்புகளைக் கட்டிக்கொண்டு வந்து, உடைமாற்றும் அறைக்கு வெளியே நிழலில் வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் இடக்கோடியில் இருந்ததில் உட்கார்ந்தார். மதிய உணவு முடிந்தது. தேநீர் இடைவேளையும் முடிந்தது. அவர் இன்னும் அதே நாற்காலியில், அதே கால்காப்புகளோடு இருந்தார். மைதானத்தின் நடுவே இரண்டு பேர் அவுட்டாகாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இணை ஒன்று நிலைத்து ஆடத் தொடங்கிவிட்டால் வெளியே இருப்பவர்கள் இடம் மாறக் கூடாது என்பது அந்த அணியில் எழுதப்படாத சட்டம். ஆளில்லாத நாற்காலி விக்கெட்டை விழுங்கிவிடும் என்று பட்டம் வாங்கியவர்களும் நம்பினார்கள். இடைவேளை முடிந்தால் அவரவர் இடத்துக்கே திரும்பி, விட்ட நிலையிலேயே தொடர்வார்கள். அணியின் பிசியோவுக்குத்தான் பாவம், காலையில் ஏதோ எடுக்கப் போனவர் வாசற்படியில் நின்ற கோலத்தில் அகப்பட்டுக்கொண்டார். நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தார்.

ஆணி என்ற பெயர் பதினேழு பருவங்களுக்கு முன்னால், முதல் ஆட்டத்திலேயே ஒட்டிக்கொண்டது. மாநில அணிக்கு நான்காவதாக இறங்கி ஐந்தரை மணி நேரம் நின்று அறுபத்தியொரு ரன் எடுத்தவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? தேசிய அணியிலிருந்து அவருக்கு ஒரே ஒரு முறை அழைப்பு வந்தது. பதினோரு நாள், ஆடுகிறவர்களுக்குத் தண்ணீரும் காய்ந்த கையுறைகளும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அதைப் பற்றிக் கேட்பவர்களிடம், அந்தப் பதினோரு நாளும் சாப்பாடு பிரமாதம் என்பார். அந்தப் பதிலில் கசப்பு ஒளிந்திருக்கிறதா என்று அவரே தமக்குள் பல முறை தேடிப் பார்த்திருக்கிறார், அகப்பட்டதில்லை. அவருக்குப் பிடித்திருந்தது ஆட்டம். புல்லில் ஈரம் காயாத காலை, புதுப் பந்து, உள்ளே வருவதுபோல் வந்து வெளியே விலகும் அந்தப் பந்தைத் தொடாமல் மட்டையைத் தூக்கி வழிவிடுவது. தொடாமல் விடுவதிலும் ஒரு நேர்த்தி உண்டு என்பதைக் காலியான பார்வையாளர் படிகளுக்குமுன் பதினேழு வருடம் நிரூபித்துக்கொண்டிருந்ததில் அவருக்குக் குறையொன்றும் இல்லை.

குறையென்று இருந்தால் அது வேலிக்கு அப்பால், மஞ்சள் துணித்தொப்பி போட்டுக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஒன்பது வயது மகள் அவர் ஆடிப் பார்த்ததே இல்லை. ஆட்டங்கள் எல்லாம் பள்ளி நாட்களில், வேறு வேறு ஊர்களில் நடந்தன. எந்தத் தொலைக்காட்சியும் அவற்றைக் காட்டவில்லை. இந்த ஆட்டத்தோடு விலகுவதாகப் போன மாதமே அவர் அறிவித்திருந்தார். முதல் இன்னிங்ஸில் அவர் பதினொன்றுக்கு ஆட்டமிழந்த நேரத்தில் அவள் கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். இன்று நான்காம் நாள், கடைசி நாள். ஆட்டம் டிராவில் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். பொழுது சாய்வதற்குள் ஒரு விக்கெட் விழுந்தால் அவள் பார்ப்பாள். விழாவிட்டால் இனி எப்போதும் இல்லை.

ஒவ்வொரு பவுண்டரிக்கும் அவர் கை தட்டினார். கண் மட்டும் ஒவ்வொரு முறையும் ஸ்கோர்போர்டின் கடிகாரத்துக்குப் போய் வந்தது. சொந்த அணியின் விக்கெட் விழக் காத்திருப்பது எவ்வளவு அற்பமான ஆசை என்று ஒரு கணம் வெட்கப்பட்டார். அதிலும், அடித்துக்கொண்டிருந்தது ஒல்லி. இருபத்தியொரு வயது, அவருடைய அறைத்தோழன், குறட்டை விட்டே அவரை நான்கு நாளாகத் தூங்கவிடாதவன். தேசிய அணித் தேர்வுக் குழுவினர் படியில் உட்கார்ந்திருக்க, இரட்டைச் சதத்தை நெருங்கிக்கொண்டிருந்தான்.

மகள் வேலிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பப்பா நீங்க ஆடுவீங்க?"

"அவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் அவுட்டாகணும்டா."

"அப்ப ஆகச் சொல்லுங்க."

நாற்காலி வரிசை முழுக்கச் சிரித்தது, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல். இரண்டு நாற்காலி தள்ளி இருந்த கேப்டன் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பாமலே கேட்டான்.

"அண்ணே, ஆள் அனுப்பட்டுமா? இருநூறு அடிச்சதும் ஒல்லி வெளிய வந்துடட்டும். நீங்க போங்க."

"வேணாம்ப்பா. இத்தனை வருஷமா விக்கெட் விழுந்துதான் உள்ள போயிருக்கேன். கடைசி நாள்ல எதுக்கு ஒருத்தனை எழுப்பிவிட்டு உக்காரணும்?"

"ஆணியைப் பிடுங்க முடியுமா," என்று கேப்டன் முனகினான்.

நூற்றுத் தொண்ணூற்றாறில் ஒல்லி நிதானமானான். அதேநேரம் ஆணிக்கு, காலையிலிருந்து குடித்த தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. இடைவேளையிலேயே போயிருக்கலாம், மகளிடம் பேசிக்கொண்டு நின்றுவிட்டார். இப்போது எழுந்தால் நாற்காலி காலியாகும். மற்றவர்கள் யாரும் எழவும் முடியாது. வேலிக்கதவை ஒட்டி உட்கார்ந்திருந்த அணி மேலாளர் சற்று யோசித்துவிட்டு, வெளியாட்களை விடக் கூடாது என்ற விதியை மறந்தவர்போல் இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறந்து, அந்த நாற்காலியில் உட்கார மகளை உள்ளே அழைத்தார்.

"நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது," என்றார் ஆணி. "காலைக்கூட ஆட்டக் கூடாது."

கழிப்பறைக்குள் ஒரு கால்காப்பையும் தொடைக்காப்பையும் அவிழ்த்துவிட்டு நிற்கையில் வெளியே கைதட்டல் வெடித்தது. இருநூறு. தனியே நின்றபடி அவரும் சிரித்துக்கொண்டார். கைதட்டல் ஓய்ந்தது. அப்புறம் மட்டையில் பந்து பட்ட சத்தம். அப்புறம் எதுவுமில்லை. பதினேழு வருடத்தில் அந்த அமைதியின் பொருள் அவருக்கு மனப்பாடம்.

கேப்டன் கதவைத் தட்டினான். "அண்ணே, மூணு நிமிஷம்தான் டைம்."

ஒற்றைக் கால்காப்போடு நொண்டியபடி வெளியே வந்தார். ஒருவழியாக விடுதலை பெற்ற பிசியோ பாய்ந்துவந்து மண்டியிட்டு மற்றதைக் கட்டத் தொடங்கினார். மனைவி எப்படியோ உள்ளே வந்திருந்தாள், தலைக்கவசத்தை நீட்டினாள். "பாத்துப் போங்க. ஓடிப்போய் வழியில விழுந்து வைக்காதீங்க," என்றாள்.

மகள் மட்டும் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்தபடி இருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நான் அசையவே இல்லப்பா. மூச்சுகூட மெதுவாத்தான் விட்டேன். அவுட்டாகச் சொல்லுங்கன்னு சும்மாதான் சொன்னேன்."

"தெரியும்டா. உன் மேல தப்பே இல்ல." கையுறையோடு அவள் தொப்பியைத் தொட்டார். "இப்ப நான் அவுட்டாகாம இருக்கணும். அதே மாதிரி உக்காந்திரு."

எல்லைக்கயிற்றருகே ஒல்லி எதிர்ப்பட்டான். நேராகத் தூக்கியடித்து எல்லையோரம் நின்றவனிடம் கேட்ச் கொடுத்துவிட்டு வந்திருந்தான். கண்ணைப் பார்க்காமல், "சாரிண்ணே, வெயில் கண்ல அடிச்சிருச்சு," என்றான். அவர் அவன் தோளைத் தட்டிவிட்டு நடந்தார்.

மிச்சமிருந்தது நான்கு ஓவர். விக்கெட் கீப்பர் பழைய ஆள். "வாங்கண்ணே, குடியேறிடுவீங்களே," என்று வரவேற்றான். ஆணி நடுவரிடம் நடு ஸ்டம்ப்புக்குக் குறி கேட்டு வாங்கி, காலணி முனையால் கோடு கீறினார். நிமிர்ந்தபோதுதான் கவனித்தார். அவருடைய நிழல், மட்டையோடும் தலைக்கவசத்தோடும், ஆடுகளத்தில் நீளமாக விழுந்து பந்துவீச்சாளர் வரும் திசையை நோக்கிக் கிடந்தது. சூரியன் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவுட்டானபோது ஒல்லி நின்றதும் இதே முனையில்தான்.

திரும்பிப் பார்த்தார். இடக்கோடி நாற்காலியில் மகள். தரைக்கு எட்டாத கால்கள் ஆடவில்லை. பக்கத்தில் புல்லில் ஒல்லி, கால்காப்பைக்கூடக் கழற்றாமல், சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். காற்று ஒன்று வந்தது. மஞ்சள் தொப்பி அவள் தலையிலிருந்து கழன்று, விளிம்பில் உருண்டு உருண்டு எல்லைக்கயிறு வரை வந்து சாய்ந்தது. பிடிக்க எழுந்த ஒல்லி என்ன நினைத்தானோ, பாதியில் நின்று அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் திரும்பக்கூட இல்லை.

ஆணி மட்டையைத் தரையில் இரண்டு முறை தட்டினார். பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கினார்.