வாய்க்காலில் ஒரு தனிக்குடித்தனம்

இரண்டே அறை, ஒன்பது பேர். படுத்தபின் ஒருவர் புரண்டால் வரிசையாக எல்லோரும் புரண்டாக வேண்டும். வரிசையின் கடைசியில், சுவரோடு சுவராக, இளைய மருமகள். தெருக்கோடியில் மாமனார் வலைகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்த சின்ன வீடு அவள் கண்ணிலேயே நின்றது. வாய் திறந்து கேட்க மட்டும் வரவில்லை.

கேட்டது அவள் புருஷன். அதையும் மீனை வைத்துத்தான் கேட்டான். வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் அவர்கள் கெண்டை வளர்த்தார்கள். குஞ்சுகளைக் குறைத்து விட்டால் நன்றாக வளரும் என்றான் மகன். வயிறாரத் தீனி போட்டால் எத்தனை இருந்தாலும் வளரும் என்றார் அப்பா. பேச்சு மீனைப் பற்றியதல்ல என்று அடுப்படியில் இருந்தவர்களுக்குக்கூடப் புரிந்துவிட்டது. கடைசியில் வாய்க்காலை வலையால் இரண்டாகத் தடுத்தார்கள். ஒரு பக்கம் நெருக்கமாக, மறுபக்கம் குறைவாக. ஒரு மீனுக்கு இவ்வளவு என்று இரு பக்கமும் ஒரே கணக்கில் தீனி. குறைவாக விட்டது பெருத்தால் தெருக்கோடி வீட்டுச் சாவி சின்னவர்களுக்கு. அந்தப் பக்கத்துக்குத் தனிக்குடித்தனம் என்று பெயர் வைத்தவனும் அவள் புருஷன்தான். குசும்பு பிடித்தவன்.

காவல் அவளுக்கு. மத்தியானம் கரையில் உட்கார்ந்தால், நகரும் தண்ணீரைப் பார்த்தபடியே கண் சொக்கிவிடும். கனவில் அவள் நெருக்கத்துப் பக்கம் நீந்துவாள். மாமியார், ஓரகத்தி, குழந்தைகள் எல்லோரும் வாயைத் திறந்து மூடியபடி கூடவே வருவார்கள். யாருடைய முழங்கையோ விலாவில் இடிக்கும். மீனுக்கு முழங்கை ஏது என்று கனவுக்குத் தெரியுமா? வலைக்கு அந்தப் பக்கம் பச்சைத் தண்ணீர் ஓர் அறைபோலக் காலியாகக் கிடக்கும். விழிக்கும்போது இரண்டு கையையும் அகல விரித்திருப்பாள்.

ஒரு விடியலில் சீக்கிரமே போனாள். பனிமூட்டத்துக்குள் நெருக்கத்துப் பக்கம் யாரோ குந்தியிருந்தார்கள். மாமனார். அள்ளி அள்ளித் தீனி போட்டுக்கொண்டிருந்தார். அழுகுணி ஆட்டம்! அவள் கையிலும் தீனி டப்பா இருந்தது, தானும் தன் பக்கம் கூடுதலாகப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அப்போதுதான் அவர் முணுமுணுப்பது காதில் விழுந்தது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்." அவள் தட்டில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஒரு கரண்டி வைக்கும்போது சொல்வாரே, அதே குரல். சத்தமில்லாமல் திரும்பி வந்தாள். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. வீடு கைநழுவிவிடுமே என்ற பயம் மட்டும் நாளுக்கு நாள் ஏறியது.

வலையை இழுத்த அன்று தராசு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. தனிக்குடித்தனத்து மீன் முழங்கை நீளம். நெருக்கத்தில் வளர்ந்தது உள்ளங்கையைத் தாண்டவில்லை, உரசி உரசித் துடுப்பெல்லாம் பிய்ந்திருந்தது. மாமனார் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்தார். பிறகு மருமகளை மட்டும் அருகில் கூப்பிட்டார்.

"தினமும் ரெண்டு கை கூடவே போட்டேம்மா. ஒண்ணும் ஏறல."

"பார்த்தேன் மாமா."

"பார்த்துட்டு ஏன் சொல்லல?"

"எனக்குப் போடுற மாதிரியே போட்டீங்க. எப்படிச் சொல்றது?"

அவர் ஈரக் கையைத் துண்டில் வெகுநேரம் துடைத்தார். மடியிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"போயிட்டு வாங்க" என்றார்.

யாரும் சொல்வதுதான். அந்த 'வாங்க'வை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.