வராத ஆமென்

சபையில் அவரை எல்லோரும் ‘முழங்கால்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கால்சட்டை கிழிந்தால் முட்டியில்தான் முதலில் கிழியும், அவ்வளவு ஜெபம். சிகரெட்டை விட்டார், சீட்டாட்டத்தை விட்டார், வாயில் கெட்ட வார்த்தை வராது. “ஜெயம் எடுத்துட்டேன்” என்று சாட்சி சொல்லும்போது மனுஷருக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். நிமிரட்டுமே, கஷ்டப்பட்டு விட்டவர்தானே.

பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்ப்பது. முன்பக்கக் கவுன்டருக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். “அண்ணே, எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க” என்று கேட்டாள். கேட்டது தப்பில்லை. இவர் சரி என்றதும் தப்பில்லை.

விடியற்காலையில் வீட்டில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து ஜெபிப்பது வழக்கம். இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு விண்ணப்பமாகச் சொல்ல, மனைவி ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஆமென் தப்பியதில்லை. கவுன்டர் பெண்ணும் அந்த ஜெபத்துக்குள் ஒரு வரியாக வந்து சேர்ந்தாள். வரவர அந்த வரி நீண்டது. மனைவிக்கான விண்ணப்பம் “இவளையும் ஆசீர்வதியும்” என்று சுருங்கிப்போனதை அவர் கவனிக்கவில்லை.

அன்று காலை, “அந்த மெல்லிய கைகளைத் திடப்படுத்தும், ஆண்டவரே” என்று உருகிவிட்டு ஆமெனுக்காக நிறுத்தினார். வரவில்லை. தூங்கிவிட்டாளோ என்று இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. கண்ணைத் திறந்தால், மனைவி நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் ஆமென் சொல்லல?”

“அதுக்கு நான் சொல்லமாட்டேன். அவ கை மெல்லிசா தடியான்னு ஆண்டவருக்குத் தெரியாதா? நீங்க எதுக்கு எடுத்துச் சொல்றீங்க?”

“ஜெபத்துல கூடவா சந்தேகம் உனக்கு?” என்று எரிந்து விழுந்துவிட்டு, சாப்பிடாமலே கிளம்பினார்.

கடையிலும் கோபம் ஆறவில்லை. “யாரையாவது தொட்டேனா? ஏறெடுத்துப் பார்த்தேனா?” என்று தேய்க்கிற சக்கரத்தோடு வழக்காடிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து கவுன்டர் பெண் டீயோடு வந்து நின்றாள்.

“அண்ணே, ஆறிடப்போகுது.”

அண்ணே என்றது சுருக்கென்று தைத்தது. சக்கரத்தை நிறுத்தினார். அவள் அப்படிக் கூப்பிட்டால் தனக்கு ஏன் பிடிக்கவில்லை? பதில் அவருக்கே தெரிந்தது. மண்டியிட்டபடியே ஒரு மனுஷன் வழுக்கி விழ முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை. பயமாக இருந்தது, பயத்தைவிட வெட்கமாக இருந்தது. ஆண்டவரே, என் இருதயத்தைக் கழுவும் என்று மனதுக்குள் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“இனிமே உனக்காக என் வீட்டம்மா ஜெபம் பண்ணுவாம்மா. மனசுல இருக்கிறதை அவகிட்ட சொல்லு. டீயை நானே வந்து எடுத்துக்கறேன்.”

“சரிண்ணே” என்று அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். அவள் மனதில் ஒன்றுமே இல்லை. அது வேறு அவருக்கு ஒரு குத்து.

சாயங்காலம் மனைவி முன்னால் தலை குனிந்து நின்றார். “நீ சொன்னதுதான் சரி. கண்ணு சுத்தமா இருக்குன்னு இருந்துட்டேன். மனசு போயிருக்கு. மன்னிச்சிடு.”

“சாப்பிடுங்க” என்றாள் அவள். தட்டை வைத்துவிட்டு, பிறகுதான் அழுதாள்.

மறுநாள் விடியலில் அந்தப் பெண்ணுக்காக மனைவி ஜெபித்தாள். நல்ல தூக்கத்தையும் நிம்மதியையும் கேட்டாள், அவ்வளவுதான். இவர் ஆமென் சொன்னார். அடுத்து மனைவிக்காக ஜெபிக்க இவர் முறை. “இவளை...” என்று ஆரம்பித்தவருக்கு மேலே வார்த்தை கிடைக்கவில்லை. ஊருக்கெல்லாம் மடைதிறந்தாற்போல் ஜெபிக்கிற மனுஷர்!

“உனக்காக நான் என்ன கேக்கட்டும்?”

“முட்டி வலி” என்றாள். “மண்டி போடவே முடியல. போன வருஷத்துலேர்ந்து நாற்காலியிலதான் உக்கார்றேன். நீங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க.”

அவர் முழங்காலாலேயே நகர்ந்து நாற்காலியண்டை போனார். அவள் முட்டியில் கை வைத்து, கண்ணை மூடாமல் ஜெபித்தார். தட்டுத்தடுமாறி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஆமென் வரவில்லை.

“இன்னொரு முட்டி பாக்கி இருக்கு” என்றாள் அவள்.