ஆபீசருக்குப் பூச்சி மருந்து

இன்பமேரிக்கு வேலையே நத்தையைக் கொல்வதுதான். கேரள மலையில் உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் நாற்றங்கால் அவள் பொறுப்பு. மழை பிடித்துவிட்டால் ஏல நாற்றின் குருத்தையெல்லாம் நத்தை தின்று தீர்த்துவிடும். விடிந்ததும் விடியாததுமாகப் பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டும். பதினாறு வருஷமாகப் போடுகிறாள். பாவம் பார்த்ததே இல்லை. பார்த்தால் நாற்று மிஞ்சுமா?

அப்படிப்பட்டவள் ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஒரு நத்தையை மண்ணோடு சோற்று டப்பாவில் வைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மடியில் அணைத்துக்கொண்டு ஜீப்பேறி மிருகாசுபத்திரிக்குப் போனாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவளுக்கு வரவில்லை.

நத்தை அவளுடையதல்ல, புருஷன் சூசையப்பனுடையது. ஏலச்செடிக்கு நிழல் தரும் மரத்தில் கிளை கழிக்க ஏறியவன் மாசியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஊன்றுகோலைப் பிடித்துத் தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மனுஷன் நடக்கவில்லை. பேசவும் இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன் படுத்தவன்தான். சோறு வைத்தால் நாலு வாய். பெங்களூரில் நர்சிங் படிக்கும் மகள் ஜிஸ்மி போனில் அழுதாலும் ஒரு ‘ம்’ மட்டும்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் கீரைக்கட்டை உதறும்போது ஒரு நத்தை விழுந்தது. இன்பமேரி பழக்கதோஷத்தில் உப்பு ஜாடியைத் தேடினாள்.

“விடு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்” என்றான் சூசையப்பன்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மாதத்தில் அவன் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அது. நத்தையை அப்படியே வைத்துவிட்டாள்.

அவனே அதற்கு ஆபீசர் என்று பேரும் வைத்தான். யார் எத்தனை அவசரமாக வந்து நின்றாலும் நகராதாம், அதனால். ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் அவள் நாற்றங்கால் மண்ணைக் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தாள். அதன்பிறகு அவள் வேலை முடிந்து வந்தால் சேதிக்குப் பஞ்சமில்லை. “இன்பம், ஆபீசர் இன்னிக்கு வெள்ளரிக்காயை ஒரு கை பார்த்துட்டாரு.” அதிலிருந்து பேச்சு குழம்புக்குப் போகும், ஜிஸ்மியின் பரீட்சைக்குப் போகும். டப்பாவுக்குள் பார்ப்பதற்காக எழுந்து உட்காரவும் பழகினான். சோறும் இறங்கியது. நான் தொண்டை கிழியக் கத்தியும் பேசாத மனுஷன், இந்த வாயில்லாச் சென்மத்திடம் இப்படிக் கொஞ்சுகிறானே என்று அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. இருந்தாலும் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

அந்த ஆபீசருக்குத்தான் இப்போது சீக்கு. உடம்பின் அடிப்பக்கமெல்லாம் வெள்ளை நூல் போலப் புழுக்கள். மூன்று நாளாகத் தீனி இல்லை. சூசையப்பனும் தட்டைத் தள்ளிவிட்டான். “இதுவும் போயிடும்போல” என்று சொல்லிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அந்த முதுகைப் பார்த்தவுடனே அவள் சோற்று டப்பாவைத் தேடி எடுத்தாள். நத்தை போனால் இந்த மனுஷனை மறுபடி யார் திருப்புவது?

ஆஸ்பத்திரியில் ஆடும் மாடுமாகக் கூட்டம். “டப்பாவுல என்னக்கா?” என்று கேட்டவர்களிடம் கோழிக்குஞ்சு என்று சொல்லி வைத்தாள். டாக்டர் ஷிஜி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து இவளையும் பார்த்தாள். மலையாளத்துப் பெண், தோட்டத்து ஆட்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியிருந்தாள்.

“சேச்சி, இது கோழிக்குஞ்சு இல்லல்லோ?”

“எங்க வீட்டுக்காரர் உசுரு டாக்டரே” என்று சொல்லும்போதே இன்பமேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிரிக்க வாயெடுத்த டாக்டர் சிரிக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

“இது பயிரையெல்லாம் அழிக்கிற அந்த ஆப்பிரிக்கன் நத்தை இல்லை, நம்ம காட்டு நத்தைதான். ஆனா இதுக்குன்னு அளவு பார்த்த மருந்து ஒண்ணும் என்கிட்ட இல்லை. ஆட்டுக்குக் கொடுக்கிற பூச்சி மருந்தைக் கொடுத்தா, புழுவுக்கு முன்னாடி இதுவே போயிடும். டப்பாவுல மண்ணு எவிடத்து மண்ணு?”

“நாத்தங்கால் மண்ணு.”

“அதுலதான் புழு பெருகுது.”

இன்பமேரி தலையில் அடித்துக்கொண்டாள். “நாத்து வேருல நூல்புழு வந்தா மண்ணைக் கொட்டிட்டு வேற மண்ணு போடுறவ நான். எனக்கு இது தோணலையே!”

“அதே கணக்குதான் சேச்சி. மண்ணே வேண்டாம். டப்பாவைக் கொதிக்கிற தண்ணியில கழுவுங்க. வெள்ளைப் பருத்தித் துணியை நனைச்சு விரிச்சு அதுல விடுங்க. சாயத்துணி கூடாது, சோப்பு கூடாது. தினமும் துணி மாத்தணும், நத்தையை நல்ல தண்ணியில அலசணும். ஈரத்துல புழு சாகாது, அதனால போட்ட துணியைத் துவைச்சு நல்லாக் காய்ஞ்சப்புறம்தான் மறுபடி போடணும். மூணு வாரம் பார்ப்போம். அப்புறம், வெறுங்கையால தொடாதீங்க. இந்தப் புழுவுல சிலது மனுஷனுக்கும் ஆகாது.”

சூசையப்பனின் பழைய வேட்டியைக் கிழித்தாள். புழு தினமும் குறைந்தது. ஐந்தாம் நாள் ஆபீசர் கால் துண்டு வெள்ளரிக்காய் தின்றதும் சூசையப்பன் ஒரு தட்டுச் சோறு தின்றான். ஆனால் ஆனி மழையில் துவைத்த துணி எங்கே காய்கிறது? ஆறாம் நாள் காலையில் வேட்டித்துண்டு ஒன்றுகூடக் கையில் இல்லை. வீட்டில் மற்றதெல்லாம் நைலானும் சாயமும். வெள்ளையாக, பருத்தியாக இருந்தது ஒன்றே ஒன்று. தோட்டத்தில் ரத்தம் குடிக்கும் அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் வரை இழுத்துக் கட்டுவார்களே, அந்தக் காடாத்துணி சாக்ஸ். அதில் ஒரு காலுக்கானதை வெட்டி, இரண்டு தண்ணீரில் அலசி, அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் வந்து, அதை நனைத்து விரித்து ஆபீசரை விட்டாள். அடுப்பைப் பற்றவைத்துத் திரும்பினால், டப்பாவுக்குள் நுரை.

அந்த நுரையைப் பதினாறு வருஷமாக வாளியில் பார்த்தவள் அவள். என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் முழுக்க உப்பிலும் புகையிலைத் தண்ணீரிலும் ஊறிய சாக்ஸ் அல்லவா அது! உப்பு ஊறியதால்தானே அதை அட்டை அண்டுவதில்லை. தினம் காலில் மாட்டுகிறவளுக்கே அது மறந்துபோயிற்று.

“சேசுவே!” என்று நத்தையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடிப் படிக்கல்லில் வைத்தாள். குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினாள். நுரை போகப் போக ஊற்றினாள். ஒரு குடம் தீர்ந்து அடுத்த குடத்தைச் சாய்த்தாள். நத்தை ஓட்டுக்குள்ளே சுருண்டு கிடந்தது.

“என்னாச்சு இன்பம்?” உள்ளேயிருந்து அவன் குரல்.

புழு தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். அவனுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் வாய் வரவில்லை.

“நான்தாங்க கொன்னுட்டேன்” என்று ஓவென்று அழுதாள். “வேணும்னு செய்யலைங்க. வேற துணி இல்லைன்னு என் அட்டை சாக்ஸை வெட்டி விரிச்சேன். உப்பு இருக்கும்னு புத்திக்கு எட்டலை.”

அவ்வளவுதான், சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான் என்று நினைத்தாள்.

பிறகு சிமெண்டுத் தரையில் டக், டக் என்றது. மூலையில் நாலு மாதமாகத் தூசி படிந்த ஊன்றுகோல். பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த சூசையப்பன் வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தான். நத்தையைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்தான்.

“அப்ப இன்னிக்கு ஒத்தக் காலுல சாக்ஸ் இல்லாமலா நாத்தங்காலுக்குப் போன?”

அவள் சேலையைக் கீழே இழுத்தாள். “பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கிட்டுதான் போனேன். ஒண்ணும் ஆகலை.”

“காட்டு.”

காட்டினாள். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை அட்டை கடித்த இடங்களில் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. அவன் அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை விட்டுக் கழுவ ஆரம்பித்தான்.

“நாலு மாசமா உன்னைப் பார்க்கவே இல்லையே புள்ள நான்” என்றான்.

அழுதுகொண்டே படிக்கல்லைப் பார்த்தவள் சட்டென்று அவன் தோளை உலுக்கினாள்.

“ஏங்க, அங்க பாருங்க! ஆபீசரு கொம்பை நீட்டுறாரு!”

“நீட்டட்டும்” என்றான் சூசையப்பன் நிமிராமலே. “நீ காலை ஆட்டாம இரு.”