ஆடுகிற பக்கம்

சித்தப்பாவுக்கு உலகத்தில் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: ஆடுவது. நாற்காலி ஆடக் கூடாது, கதவு ஆடக் கூடாது, பேசும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கால்கூட ஆடக் கூடாது. எது ஆடினாலும் இடுப்பிலிருந்து ஸ்பேனர் வெளியே வந்துவிடும். அவர் மூடிய தண்ணீர்க் குழாயைத் திறக்க வீட்டில் இரண்டு பேர் வேண்டும். தெருவில் அவருக்கு 'ஸ்பேனர்' என்றே பெயர். அதை ஏதோ பட்டம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார், பாவம்.

அந்த இடுப்பில் ஸ்பேனருக்குப் பக்கத்தில்தான் பட்டறைச் சாவியும் தொங்கியது. வம்பு தொடங்கியது அங்கேதான்.

பட்டறையில் பாதி அவருடையது, பாதி அவருடைய அண்ணனுடையது. அண்ணன் காலமான பிறகு அந்தப் பாதி மகளுக்கு வந்தது. அந்த மகளைச் சித்தப்பா 'ராங்கி' என்றுதான் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் முட்டி போடச் சொன்னால் போட்டுவிட்டு வருவாளே தவிர, மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது இரும்பு கடையும் லேத்தில் நிற்பது ராங்கி, வேலை கொண்டுவருபவர்களுக்குப் பதில் சொல்வது ராங்கி, கையில் இரும்புத்தூள் குத்திக்கொள்வதும் ராங்கி. ஷட்டரைத் திறப்பது மட்டும் சித்தப்பா. அவர் குளித்து, செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து கடைசி விளம்பரம் வரை படித்து, சாவகாசமாக வந்து சேரும்வரை அவள் சொந்தப் பட்டறை வாசலிலேயே வேலை தேடி வந்தவள் மாதிரி நிற்க வேண்டும்.

அன்று காலை அச்சகத்துக்காரர் உடைந்த ஷாஃப்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். கொஞ்ச நேரம் அவளோடு சேர்ந்து பூட்டைப் பார்த்தார். பிறகு, "தப்பா நினைக்காதம்மா, எனக்கு மெஷின் நின்னுபோய்க் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். ராங்கிக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது.

சித்தப்பா வந்து ஷட்டரைத் தூக்கி முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"எனக்கும் ஒரு சாவி வேணும் சித்தப்பா."

"எதுக்கு?"

"பூட்டைத் திறக்க. சாவி வேற எதுக்கு?"

எதிர்க்கடை வெல்டரும், பக்கத்துக் கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஆள் கூடிவிட்டால் சித்தப்பாவின் குரல் தானாக ஏறும். மூலையைக் காட்டினார்.

"அதோ நிக்குதே சண்டி, அது என்ன மெஷின்னு சொல்லு. சொல்லிட்டா அன்னைக்கே சாவி தர்றேன். சொந்தப் பட்டறையில நிக்கிற மெஷின் என்னன்னே தெரியல, இதுல சாவி ஒரு கேடா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான் சாவி கேக்கலியே."

வெல்டர் சிரித்தார். காயில்காரரும் சிரித்தார். ராங்கி சிரிக்கவில்லை. "சொன்ன வார்த்தை ஞாபகம் இருக்கட்டும். இவங்க ரெண்டு பேரும் சாட்சி" என்றாள்.

சண்டி, கட்டடத்தோடு வந்தது. அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புப் படுகை. ஒரு முனையில் கைப்பிடிச் சக்கரம். அதைச் சுற்றினால் அதன் நடுவிலிருக்கும் கொக்கி சுழலும். மறுமுனையில் கனமான இரும்புக் கட்டை, அதன் தலையில் ஒரு கவ்வி. கட்டைக்கு அப்பால், படுகையின் நுனியில், எதற்கென்றே தெரியாத ஒரு சின்னக் கப்பி. சித்தப்பா அதில் சட்டையை மாட்டி வைப்பார்.

"முதல் நாள் வந்தப்போ அந்தக் கட்டை லொடலொடன்னு ஆடிச்சு. துளை போட்டு நாலு போல்ட்டு அடிச்சேன் பாரு, இன்னிக்கு வரைக்கும் மயிரிழை அசையல" என்பார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம். இந்தப் பட்டறையில் அவர் செய்த முதல் வேலை அது.

காயில் கட்டுகிற மெஷின் என்றார் காயில்காரர். அவருக்கு எல்லாமே காயில்தான். ஸ்பிரிங் சுற்றுகிற மெஷின் என்றார் வெல்டர். யார் என்ன சொன்னாலும் சித்தப்பா ஒரு கம்பியை எடுத்துக் கொக்கிக்கும் கவ்விக்கும் நடுவில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டுவார். கம்பி முறுக்கேறும், விறைக்கும், பட்டென்று அறுந்துவிடும். "பாத்தியா, எதுக்கும் உதவாத சண்டி" என்று கையைத் தட்டிக்கொள்வார்.

ராங்கியும் மெல்லிய கம்பி, தடித்த கம்பி, கயிறு, நூல் என்று மாட்டிப் பார்த்தாள். எல்லாமே அறுந்தன. ஒவ்வொரு முறையும் சித்தப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து 'ம்ஹும்' என்று ஒரு சத்தம் கொடுப்பார். கம்பி அறுந்ததைவிட அந்த 'ம்ஹும்'தான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

விடுமுறை நாளில் மொட்டை மாடியில் அம்மாவோடு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய போர்வை, ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராகப் பிழிந்தார்கள்.

"அவர்கூட எதுக்குடி மல்லுக்கு நிக்கிற? திறக்கும்போது போனாப் போச்சு" என்றாள் அம்மா.

"என் பட்டறைக்கு நான் எதுக்கும்மா காத்துக் கிடக்கணும்?"

"இழுக்காதடி, தோள்பட்டை கழண்டு வருது!"

"நான் எங்க இழுக்கிறேன்?"

"அப்புறம் நான் எப்படி உன் பக்கத்துல வந்தேன்?"

ராங்கி பார்த்தாள். உண்மைதான். போர்வையின் முழு நீளத்துக்குத் தள்ளி நின்று தொடங்கியவர்கள், போர்வை முறுக்கேற முறுக்கேற ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்துவிட்டிருந்தார்கள். முறுக்கினால் நீளம் குறையும். முனையைப் பிடித்திருப்பவர் நகர்ந்து கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காவிட்டால் துணி கிழியும்.

கம்பியாக இருந்தால் அறுந்துபோகும்.

"அம்மா, அந்தக் கட்டை ஆடத்தான் வேணும்!" என்று கத்தினாள். போர்வையை விட்டுவிட்டு ஓடினாள். ஈரப் போர்வையின் பாரம் முழுக்கத் தன் கையில் விழ, "போற போக்கைப் பாரு, அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்று அம்மா திட்டியது படிவரை கேட்டது.

மறுநாள் ஷட்டர் திறந்ததும் நேராகச் சண்டியிடம் போனாள். துருப்பிடித்த போல்ட்டுகள்; அதுவும் சித்தப்பா இறுக்கியவை. எண்ணெய் ஊற்றி, ஸ்பேனரின் பிடியில் நீளமான குழாயைச் செருகி அதில் தொங்கினாள். முதல் போல்ட்டு கிறீச்சிட்டபோது சித்தப்பா செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

"ஏய், அதைத் தொடாதே! அது நான் இறுக்கினது!"

"தெரியும்."

"கழட்டினா ஆடும்!"

"அதுவும் தெரியும்."

நான்கும் கழன்றதும் கட்டையைப் புரட்டினாள். அடிப்பாகம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. காலம் முழுக்க முன்னும் பின்னும் ஓடிய இரும்புக்குத்தான் அப்படித் தேய்மானம் வரும். காய்ந்துபோன கிரீஸில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் வழித்து வெளிச்சத்தில் பார்த்தாள். விறைப்பான முடிகள், எல்லாம் ஒரே அளவில் வெட்டியவை.

வெல்டரையும் காயில்காரரையும் கூப்பிட்டாள். சித்தப்பாவின் சட்டையைக் கப்பியிலிருந்து எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள். கட்டையில் கயிறு கட்டி, கப்பி வழியாக விட்டு, நுனியில் ஓர் இரும்புத் துண்டைத் தொங்கவிட்டாள். கம்பியை இரண்டாக மடித்து, மடிப்பைக் கொக்கியிலும் முனைகளைக் கவ்வியிலும் மாட்டினாள். பழைய தரை பிரஷ்ஷிலிருந்து முடியைப் பிடுங்கி இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் வரிசையாகப் பரப்பினாள். சக்கரத்தைச் சுற்றினாள்.

கம்பி முறுக்கேறியது. கட்டை மெல்ல, மிக மெல்ல, கொக்கியைப் பார்த்து நகர்ந்தது. எடை மேலே ஏறியது. தட்டையாகக் கிடந்த முடிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து சுற்றிலும் சிலிர்த்துக்கொண்டன. எதுவும் அறுபடவில்லை. அவள் கம்பியைக் கழற்றி, வெல்டரின் தண்ணீர் பாட்டிலை வாங்கி, உள்ளே விட்டுத் தேய்த்துக் காட்டினாள்.

"பாட்டில் கழுவுற பிரஷ்!" என்றார் வெல்டர். "அடேயப்பா, பிரஷ் முறுக்குற மெஷினா இது!"

"சண்டி இல்ல. காலைக் கட்டிப்போட்டுட்டு ஓடலன்னு திட்டியிருக்கோம்" என்றாள் ராங்கி. "சாவி, சித்தப்பா."

சித்தப்பா பிரஷ்ஷை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் ஒரு கணம் விழுந்தது. அந்த ஒரு கணம் அவளுக்கே பாவமாகக்கூட இருந்தது. அதற்குள் அவர் சுதாரித்துக்கொண்டார்.

"என்ன மெஷின்னு சொன்னே, சரி. யார் செஞ்சது, எந்தக் கம்பெனி? அதையும் சொல்லு, தர்றேன்."

இந்த முறை வெல்டர் சிரிக்கவில்லை. "அப்படிப் பேச்சு இல்லையே அண்ணே" என்றார். காயில்காரர் தரையைப் பார்த்தார்.

ராங்கி கையைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். திரும்பி வந்து லேத்தை ஓட்டினாள். மாலையில் சித்தப்பா பழைய பூட்டை எடுக்கக் கை நீட்டுவதற்குள், ஷட்டரை அவளே இறக்கி, பளபளவென்று இருந்த புதுப் பூட்டைப் போட்டு மூடினாள்.

"யாரைக் கேட்டு மாத்தினே?" சித்தப்பாவின் குரல் தெருக்கோடிவரை போனது. "என்னை வெளிய நிறுத்தப் பாக்குறியா?"

பூட்டோடு வந்த இரண்டு சாவிகளில் ஒன்றைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான் நின்ன மாதிரி நீங்க நிக்க வேணாம்னுதான் உங்களுக்கும் ஒண்ணு. எந்தக் கேள்வியும் கேக்க மாட்டேன்."

எதிர்க்கடையில் வெல்டிங் பொறி நின்றுவிட்டது. சித்தப்பா சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பூட்டைப் பிடித்து உலுக்கினார். அது லொடலொடத்தது.

"ஆடுது பாரு" என்றார். கை தானாக ஸ்பேனருக்குப் போனது.

"ஆடட்டும் சித்தப்பா" என்றாள் ராங்கி. தன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.