நாளைக்கு வர்றேன்னு சொன்னீங்க

பெயிண்டரின் மனைவி வாசலை விட்டு நகரவில்லை. ஒரு கையைக் கதவு நிலையில் ஊன்றி, வந்தவர்களுக்கு வழிவிடாமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் யாரோ நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளும் சத்தம் கேட்டது. கீழ்ப்படியில் பாஸ்டரும் அவருக்கு ஒரு படி மேலே பாஸ்டரம்மாவும் நின்றிருந்தார்கள்.

"இப்ப வந்திருக்கீங்க," என்றாள். அழுது முடித்து, சண்டைக்குத் தயாராகிவிட்ட குரல்.

துக்க வீட்டுக் கோபம் பாஸ்டரம்மாவுக்குப் புதிதில்லை. டாக்டர் மேல் காட்ட முடியாததை, கடவுள் மேல் காட்டப் பயப்படுவதை, மனிதர்கள் பாஸ்டர் மேல் காட்டுவார்கள். வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். கணவருக்காகப் பேசுவதும் இந்த ஒரு வருஷமாக அவள் வேலைதான். "இவ்வளவு முத்திப்போச்சுன்னு எங்களுக்குத் தெரியாதும்மா," என்று ஆரம்பித்தாள். "தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருக்க மாட்டோமா?"

"தெரியாதா? பாஸ்டர்தானே போன்ல பேசினார். நாளைக்கு வர்றேன், பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்றேன்னு அவர் வாயாலதானே சொன்னார். அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரர் என்னை விடல. மழிச்சு விடு, வெள்ளைச் சட்டையைப் போட்டு விடுன்னார். பாஸ்டர் வர்றப்ப பனியனோட கிடக்கக் கூடாதாம். கையைத் தொட்டாலே துடிப்பார். அந்தக் கையைப் பிடிச்சு சட்டைக்குள்ள நுழைச்சேன். நீங்க வரல. மறுநாள் திரும்பவும் போன், திரும்பவும் நாளைக்கு வர்றேன். திரும்பவும் சட்டை. கடைசியில அந்தச் சட்டையோடதான் போனார். இனிமே மாத்த வேண்டிய வேலை இல்லை, பாருங்க."

பாஸ்டரம்மா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவரால் போனில் பேசவே முடியாது. அது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், பெயிண்டரின் மனைவிக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் கதவு நிலையிலிருந்து கையை எடுத்தாள். "போங்க. உங்களுக்காகத்தானே படுத்திருந்தார்," என்றாள்.

சென்ற வருஷம் தொண்டையில் கட்டி என்று அறுத்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. மைக் பழுதானாலும் கடைசி பெஞ்சு வரை கணீரென்று கேட்ட குரல் அது. மிஞ்சியது தகரத்தை மணலில் இழுப்பது போன்ற ஒரு கிசுகிசுப்பு. வீட்டுக்குள் அதை வைத்துக்கொண்டு உப்பு குறைவு என்பார், மாத்திரை எங்கே என்பார். சபைக்கு முன்னால் வாயைத் திறக்கவே மாட்டார். மேடையில் கத்திப் பேசத்தான் டாக்டர் தடை போட்டிருக்கிறார், வீட்டில் பழையபடி பேசுகிறார் என்று சபை நினைத்துக்கொண்டது. எத்தனையோ நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். இந்த மனிதரை மண்ணுக்குள் வைக்காமலே இழந்துவிட்டோம் என்று அவள் சமையலறையில் நின்று அழுதிருக்கிறாள்.

அப்போதுதான் சபைச் செயலாளர் லேப்டாப்போடு வந்தார். பழைய பிரசங்கப் பதிவுகளையும், பாஸ்டர் சபையாருக்கு அனுப்பிய குரல் செய்திகளையும் ஒரு செயலிக்குள் கொட்டியிருக்கிறேன் என்றார். ஏதோ தட்டினார். பாஸ்டரின் குரல், அந்தக் கணீர்க் குரல், கூடத்தில் எழுந்தது. சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு அவளும்தான் தேம்பித் தேம்பி அழுதாள். அதற்குப் பிறகு பாஸ்டர் எழுதுவார், அது பேசும். பின் பெஞ்சில் உட்காரும் வேற்று மொழிக்காரர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அதே குரலைத் தங்கள் மொழியில் கேட்டார்கள். இத்தனை வருஷம் நாங்கள் பாட்டுக்கு மட்டும்தான் வந்தோம், இப்போதுதான் பிரசங்கத்துக்கு வருகிறோம் என்று அவர்களில் ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சபையில் அதற்குச் செல்லப் பெயரே வந்துவிட்டது, சின்ன பாஸ்டர். பாஸ்டரும் மனிதரானார். தலை வாரினார், கண்ணாடி முன்னால் நின்றார், பழையபடி அவளைக் கேலி செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் பேசுகிற பெட்டி என்றைக்குப் போனை எடுக்கக் கற்றுக்கொண்டது?

கணவரைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் நேராகச் சபை அலுவலகத்துக்கு நடந்தாள். இரண்டு தெருதான்.

செயலாளர் அடக்க ஆராதனைக்கு ஒலிபெருக்கியைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தார். மேசையில் ஆறிப்போன காப்பி, பாட்டுத்தாள் கட்டு, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். வாரம் முழுக்கக் கம்பெனியில் மாரடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் சம்பளமில்லாமல் சபைக்கு ஓடுகிற ஆள். கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கெட்டவனாக இருந்தால் காறித் துப்பிவிட்டாவது போகலாம்.

"பெயிண்டருக்கு யார் தம்பி போன் பண்ணது?"

அவர் ஒயரைக் கீழே வைத்தார். "அக்கா, உக்காருங்க."

"நிக்கறேன். சொல்லு."

"வியாதியா கிடக்கறவங்களை அதுவே கூப்பிட்டு விசாரிக்கும்க்கா. ரெண்டு மாசமா ஓடுது. பாஸ்டர் முன்ன மாதிரி எங்களைக் கண்டுக்கறதில்லன்னு ஜனங்க பேச ஆரம்பிச்சாங்க. பாஸ்டர் கிட்ட கேட்டேன், சரின்னார்."

"விசாரிக்கறது சரி. வர்றேன்னு ஏன் சொல்லிச்சு?"

"அதை யாரும் சொல்லச் சொல்லல. பெயிண்டர் அண்ணன் வருவீங்களான்னு கேட்டிருக்கார். பாஸ்டர் பழைய பேச்சுல எல்லாம் அப்படித்தானே சொல்வார், நாளைக்கு வர்றேன், உங்க பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்றேன்னு. அதைப் பார்த்து அது கத்துக்கிச்சு. அவர் வரச் சொல்றார்னு எனக்குத் தகவல் அனுப்பியிருக்கு. ஆபீஸ் வேலையில நான் திறந்து பார்க்கல."

"கத்துக்கிச்சா?" அவள் மேசையில் கையை வைத்தாள். "அவர் வர்றேன்னு சொன்னா போவார் தம்பி. மழைன்னாலும் போவார், காய்ச்சலோட போவார். கல்யாண நாளுக்குத் துணி எடுக்கக் கிளம்பின என்னைப் பாதி வழியில இறக்கி விட்டுட்டுப் போயிருக்கார். பேச்சைக் கத்துக்கிட்ட பெட்டி, போறதை ஏன் கத்துக்கல?"

"தப்புதான்க்கா. ஆனா இன்னிக்கு வேண்டாம். பாஸ்டருக்கு உடம்பு முடியல, அதனால வர முடியலன்னு சொல்லிடுவோம். வேலை போய், கதவைச் சாத்திக்கிட்டு ஒருத்தர் கிடந்தார், தெரியும்ல? விபரீதமா ஏதாவது பண்ணிக்குவார்னு அவர் அண்ணி பயந்துட்டே இருந்தாங்க. அந்தப் போன் போக ஆரம்பிச்ச பிறகுதான் வெளிய வந்தார். உங்க கிட்ட பேசினது மெஷின்னு அவர் கிட்டயும் சொல்லிடலாமா? சொல்லுங்க."

ஒருத்தனைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்த குரல், இன்னொருத்தனை வாசலைப் பார்த்தபடி சாக விட்டிருக்கிறது. இதை எந்தத் தராசில் வைத்துப் பார்ப்பது? அவள் பாட்டுத்தாள் கட்டை எடுத்து மேசையில் ஓங்கி வைத்தாள். காப்பி சிந்தியது. துடைக்காமல் வெளியே வந்தாள்.

திரும்பி வந்தபோது பாஸ்டர் துக்க வீட்டின் பின்புறம், துணி காயப் போடும் இடத்தில் தனியாக நின்றிருந்தார். கொடியில் நோயாளியின் படுக்கை விரிப்பு தொங்கியது. அவள் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க குரல்ல கூப்பிடுதுன்னு தெரியுமா?"

"தெரியும்," என்றார். தகரம் மணலில் இழுபட்டது.

"நீங்கதான் பேசறீங்கன்னு அவங்க நினைப்பாங்கன்னும் தெரியுமா?"

அவர் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "நினைக்கட்டும்னுதான். நான் இன்னும் இருக்கேன்னு நினைக்கட்டும்னு." மூச்சு வாங்கினார். "வர்றேன்னு சொன்னது எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது, அதே நேரத்தில் கட்டிக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதர். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் போய் அந்த மனிதர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே, பாஸ்டர் வந்தால் என்ன, பாஸ்டரம்மா வந்தால் என்ன என்று நினைத்தாள். ஒரு ஆள் வந்து உட்கார்ந்திருந்தால் போதுமே.

"இந்தக் குரலை வெச்சுக்கிட்டு ஊர்ல யார் வீட்டுக்கும் போக முடியாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க," என்றாள். "பக்கத்துல உக்கார்றதுக்குக் குரல் எதுக்குங்க?"

அவர் விரிப்பைக் கொடியில் நேராக இழுத்துவிட்டார்.

"அந்தம்மா கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"நீ சொல்லு," என்றார்.

இந்த ஒரு வருஷமாக அவள்தான் சொன்னாள். கமிட்டிக்குச் சொன்னாள், டாக்டருக்குச் சொன்னாள், கல்யாண வீடுகளில் அவருக்காகச் சிரித்துச் சொன்னாள். "இதைச் சொல்ல மாட்டேன்," என்றாள். "இது என் வாயில வராது."

கல்லறையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. குழியைச் சுற்றிக் குடும்பத்தார் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பெயிண்டரோடு வேலை செய்தவர்கள், நகத்தில் பெயிண்ட் கறையோடு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்கும் பின்னால் சபையார். செயலாளர் ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். பாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

குரல் ஆரம்பித்தது. "அன்பானவர்களே," என்றது. என்ன ஒரு குரல். துக்கம் வந்து தொண்டையை அடைப்பது போல ஒரு இடத்தில் நிறுத்தி, பிறகு தொடர்ந்தது. நம் சகோதரரை நான் நன்றாக அறிவேன் என்றது. அவருடைய கடைசி நாட்களில் அவரோடு பேசும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது என்றது.

பெயிண்டரின் மனைவி தலையை நிமிர்த்திப் பாஸ்டரைப் பார்த்தாள். மூடியிருந்த அவர் வாயைப் பார்த்தாள்.

பாஸ்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இந்த வரியை அவர் எழுதியிருக்க மாட்டார். அதுவாகச் சேர்த்திருக்கிறது, போன் பேசிய கணக்கை வைத்துக்கொண்டு, நாக்கு கூசாமல். கூசுவதற்கு அதற்கு ஏது நாக்கு? அவள் சவப்பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். செயலாளர், "அக்கா, வேண்டாம்," என்று முணுமுணுத்தார். அவள் அவர் தோளிலிருந்த ஒலிபெருக்கியின் சுவிட்சை அமுக்கினாள். அடுத்து ஆரம்பித்த சொல் பாதியில் நின்றது. எங்கோ தூரத்தில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கணவரை மட்டும் பார்த்தபடி நின்றாள். வருவாரா, மாட்டாரா என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பாஸ்டர் ஒரு அடி முன்னால் வந்தார். குழியின் விளிம்பில், பெயிண்டரின் மனைவிக்கு எதிரில் நின்று வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு அந்தத் தகரச் சத்தம்.

"போன்ல பேசினது நான் இல்லம்மா. மெஷின். என் குரல்ல பேசறதுக்குச் சரின்னு சொன்னது நான்."

முன்வரிசையில் நின்ற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் இருந்தவர்களுக்கு அவர் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். செயலாளர் குனிந்து நின்றார்.

பெயிண்டரின் மனைவி அழவில்லை, திட்டவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சத்தமா சொல்லுங்க பாஸ்டர்," என்றாள். "பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

அவர் மறுபடி சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, சத்தம் ஒரு துளியும் ஏறவில்லை. இருமினார். பாஸ்டரம்மாவின் வாய்க்குள் அந்த வார்த்தைகள் தயாராக இருந்தன. ஒரு மூச்சில் அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அவளால் சொல்லிவிட முடியும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கேக்கல," என்றாள் பெயிண்டரின் மனைவி.

பின்னாலிருந்து ஆட்கள் நகர ஆரம்பித்தார்கள். கல்லறைகளுக்கு இடையில் புகுந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, காதை முன்னால் நீட்டியபடி வந்தார்கள். அவர்களில் யார் யாருக்கெல்லாம் அந்தப் போன் வந்திருக்கும் என்று பாஸ்டரம்மாவுக்குத் தெரியாது. வெட்டிப் போட்டிருந்த மண்மேட்டில் ஏறி நின்றார்கள். அவர்கள் காலுக்குக் கீழே மண் சரிந்து சரிந்து குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது. பாஸ்டர் மூன்றாவது முறையாக வாயைத் திறந்தார்.